தாத்தா அளக்காமல் விட்ட காணி

அன்பு மகனுக்கு,

நீ கொழும்புக்கு பஸ் ஏறிய பிறகு இரண்டு தடவை போனில் பேசிவிட்டோம். கல்யாண மண்டபம், நாதஸ்வரம், தர்ஷினியின் கூறைப்புடவை என்று எல்லாம் பேசினோம். வேலியைப் பற்றி மட்டும் நீயும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. போனில் நான் எதையாவது சொல்லத் தொடங்கினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே என்னை அடக்கிவிடுவாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்த வித்தை கைவந்தது. கடிதத்தில் அது பலிக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலில் போட்டால் கல்யாணம் முடிந்துதான் வந்து சேரும். ஆகவே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பாதி கண்ணாடியின் குற்றம், பாதி என் கையின் குற்றம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஃபிளாட் வேண்டாம், உக்குவளையில் நம் காணியில்தான் வீடு கட்டப்போகிறேன் என்று நீ சொன்ன நாளில் நான் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. உன் அப்பா போன பிறகு இந்த வளவில் தனியாகவே இருந்து முடித்துவிடுவேன் என்று நினைத்திருந்தவளுக்கு, மகனும் மருமகளும் பக்கத்திலேயே வந்து இருக்கப்போகிறார்கள் என்றால் சும்மாவா? கடவுளுக்கும் உனக்கும் அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. இனிமேல் நான் சொல்லப்போவதைத் திட்டு என்று எடுத்துக்கொள்ளாதே. கொஞ்சம் திட்டும் இருக்கும்.

வீட்டுக் கடனுக்கு பேங்க் காணியை அளந்து வரைந்த பிளான் கேட்கிறது. நம் காணிக்குப் பிளான் இல்லை, பழைய உறுதிப் பத்திரம் மட்டும்தான். அதில் வடக்கு எல்லை பலா மரம் என்று எழுதியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ கூட்டிவந்த சர்வேயர் தம்பி அந்த மரத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். மரம் பக்கத்துக் காணிக்காரர் ரன்பண்டாவின் பக்கத்தில் நிற்கிறது, வேலி அதைத் தாண்டி நம் பக்கத்துக்குள் வந்து நிற்கிறது. நடுவில் ஒரு கீற்றுக் காணி. அவ்வளவுதான், நீ விறுவிறு என்று ரன்பண்டா வீட்டு முற்றத்துக்குப் போனாய். "எங்க காணியப் புடிச்சு மிளகு போட்டு வித்துக்கிட்டு இருக்கீங்க. சனிக்கிழமை அளக்க வர்றாங்க. அதுக்கு முந்தி வேலிய எடுங்க, இல்லாட்டி கோர்ட்டுல பாத்துக்குவோம்." இதை நல்ல சிங்களத்தில் சொன்னாய், அக்கம்பக்கத்தில் யாருக்கும் விளங்காமல் போகவில்லை. அந்த மனிதருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. பேரப்பிள்ளைகளும் மருமகளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் வாசித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஹொந்தை" என்று, சரி என்கிற ஒரு சொல்லைச் சொல்லி உள்ளே போனார். நீ திரும்பி வந்து தர்ஷினிக்குப் போன் போட்டுச் சிரித்தாய். "என் கொள்ளுத்தாத்தா சர்வேயர். ஊரெல்லாம் அளந்தவர், சொந்தக் காணிய அளக்கல. எப்பிடி குடும்பம் பாரு."

அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தக் கடிதம். அவர் ஏன் அளக்கவில்லை என்பதையும், வேலி எப்படி அங்கே வந்தது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டு பிறகும் கோர்ட்டுக்குப் போவதென்றால் போ. காணி என் பெயரில் இருக்கிறது, கையெழுத்து நான்தான் போட வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதே.

உன் கொள்ளுத்தாத்தா, என் அப்பாவின் அப்பா, மாத்தளை டவுனில் கருவாடும் பருப்பும் விற்ற ஒருவரின் மகன். கடையில் உட்காரச் சொன்னால் தராசை எட்டாகப் பிரித்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிற ஆள். இது வியாபாரத்துக்கு உதவாது என்று அவருடைய அப்பா இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து ஒரு பறங்கிக்காரத் துரையிடம் உதவியாளராகப் போய், சங்கிலி இழுக்கவும் கோணம் பார்க்கவும் படித்து, கடைசியில் லைசன்ஸ் வாங்கினார். எங்கள் ஆட்களில் அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். தேயிலையும் கொக்கோவும் ரப்பரும் மலையில் ஏறிக்கொண்டிருந்த நேரம். தோட்டம் திறக்கிறவனுக்கு முதலில் தேவை சர்வேயர். தாத்தாவுக்கு ஒரு நாள் ஓய்வு இருக்காது. ரத்தோட்டை, லக்கல, எலஹெர என்று காலில் அட்டை ஏறாமல் இருக்க சவுக்காரத்தைப் பூசிக்கொண்டு நடப்பாராம். சீகிரியாப் பக்கத்தில் கூடாரம் போட்டிருந்தபோது, அன்றைக்கு நட்டுவைத்த கொடிக்கம்புகளையெல்லாம் விடிவதற்குள் யானை பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனதாம். அதை அவர் சொல்லும்போது யானையின் பக்கம்தான் பேசுவாராம். அதனிடம் கேட்காமல் அதன் பாதையில் கம்பு நட்டது யார் பிழை என்பாராம். சிங்கள ஆட்கள் சர்வேயரை மினிந்தோறு மஹத்தயா, அளக்கிற ஐயா, என்றுதான் சொல்வார்கள். இன்றைக்கும் உக்குவளை ஸ்டேஷனில் இறங்கி மினிந்தோறு வீடு எங்கே என்று கேட்டால் திரீவீலர்காரன் நேரே நம் வாசலில் கொண்டுவந்து விடுவான்.

வெளியே இவ்வளவு பெயர் எடுத்தவர் வீட்டுக்குள் என்ன லட்சணம் தெரியுமா? ஒரு படத்தை நேராக மாட்டத் தெரியாது. சுவரில் இருந்த கடிகாரம் எப்போதும் சரிந்துதான் தொங்கும். யாராவது நேராக்கினால் கோபம் வரும். எனக்குப் பள்ளிக்கூட வயதாகும்வரை அவர் இருந்தார். சாப்பாட்டு மேசையில் பப்பாளியை வெட்டிப் பங்கு வைத்தால் ஒரு துண்டு தோணி மாதிரியும் ஒரு துண்டு தீப்பெட்டி மாதிரியும் இருக்கும். தீப்பெட்டித் துண்டை அவரே எடுத்துக்கொள்வார். நான் நேரில் பார்த்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அவர் என் அப்பாவுக்குச் சொல்லி, அப்பா எனக்குச் சொன்னது.

அவருக்கு ஒரு பிழை நடந்தது. மலைப்பக்கத்தில் ஒரு தோட்டத்துக்காகக் காணி அளக்கப் போனார். அளக்கிற நாளைப் பறையடித்து ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்பது முறை. தோட்டத்து ஆட்கள் பறையைத் தோட்டத்துக்குள்ளேயே அடித்துவிட்டு அறிவித்தாயிற்று என்றார்கள். தாத்தாவும் கேள்வி கேட்கவில்லை. மேல்பக்கச் சரிவில் பெரிய காடு, மனித நடமாட்டமே இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத காடு என்று பிளானில் எழுதினார். கோடு தோட்டத்துக்குள் அதைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அது காடு இல்லை. கீழே இருந்த கிராமத்தின் சேனை. ஒரு போகம் குரக்கன் விதைத்துவிட்டு, மண் தேறட்டும் என்று பல வருஷம் சும்மா விட்டுவிடுவார்கள். அப்போது அதில் செடியும் மரமும் மண்டிக் காடு போலவே இருக்கும். டவுனில் கருவாட்டுக் கடையில் வளர்ந்த மனிதருக்குச் சேனை தூங்குகிறது என்று தெரியவில்லை. பிளானில் கையெழுத்தும் போட்டாயிற்று. பிறகு ஒரு பெண் அவருடைய கூடாரத்துக்கு வந்தாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. முந்தானையில் முடிந்துவந்த குரக்கனைக் கையில் கொட்டிக் காட்டி, "மஹத்தயா, இதை இனி எங்க விதைக்கிறது?" என்று சிங்களத்தில் கேட்டாள். தாத்தா தோட்டத்துக்காரரிடம் போய்க் கேட்டுப் பார்த்தார், அரசாங்கக் கச்சேரிக்கு நடந்து பார்த்தார். போட்ட கோடு போட்டதுதான் என்றுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் தோட்டக் காணி அளக்கப் போகவில்லை. வரும்படி குறைந்தது, பாட்டியிடம் நல்ல பேச்சும் வாங்கினார். கிராமத்துக் காணிகளை அண்ணன் தம்பிக்குப் பிரித்துக் கொடுக்கிற வேலையைத்தான் எடுத்தார். அதிலும் தனக்கென்று இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டார். ஒன்று, எல்லைக்கு இரண்டு பக்கத்திலும் இருக்கிறவர்கள் வந்து, ஆளுக்கு ஒரு முனையாகச் சங்கிலியைப் பிடிக்காமல் அளக்க மாட்டார். ஒருவன் வரமாட்டேன் என்றால் கருவியைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டு, அவன் வரும்வரை மர நிழலில் உட்கார்ந்துவிடுவார். இன்னொன்று, சாப்பிட்டால் இரண்டு வீட்டிலும் சாப்பிடுவார், இல்லாவிட்டால் இரண்டு வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். இதனால் இவர் வயிறு பட்ட பாட்டைப் பாட்டி கதை கதையாகச் சொல்வார். ஆனால் அவர் போட்ட கோட்டை எதிர்த்து யாரும் வழக்குக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. நொத்தாரிசு கந்தோரில், பத்திரம் எழுதுகிற ஆபீசில், உறுதி டைப் அடித்தே காலத்தை ஓட்டியவள் நான். எங்கே யாருக்கு யாரோடு எல்லைச் சண்டை என்பது எனக்குத் தெரியாமல் போகாது.

இந்தக் காணியை அவர் வாங்கியது ரன்பண்டாவின் தாத்தாவிடம். உறுதியை நீ பார்த்தாய். ஏக்கரும் இல்லை, பேர்ச்சஸும் இல்லை, மூன்று லாஹ குரக்கன் விதைப்பு என்று இருக்கிறது. லாஹ என்பது தானியம் அளக்கிற கூடை. மூன்று கூடைக் குரக்கன் விதைக்கப் போதுமான நிலம் என்று அர்த்தம். நீ அதைப் பார்த்தும் சிரித்தாய். அந்தக் காலத்தில் கண்டிப் பக்கத்தில் காணியை அப்படித்தான் எழுதினார்கள். தாத்தா அதை ஏக்கராக்கிப் பிளான் போட்டிருக்கலாம். "என் காணிய நானே அளந்தா எவன் நம்புவான்?" என்று சொல்லிவிட்டார். இன்னொரு சர்வேயரைக் கூப்பிடச் சொன்னால், அவன் வேலை தனக்குப் பிடிக்காது என்பார். அது முழுக்க நியாயம் என்று நான் சொல்லவில்லை, பிடிவாதமும் இருந்தது. அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் வைத்தார். சித்திரைப் புத்தாண்டு முடிந்ததும் அவரும் ரன்பண்டாவின் தாத்தாவும் எல்லை நெடுகச் சேர்ந்து நடப்பார்கள். விழுந்த கம்பை எடுத்துப் புதுக் கம்பு நடுவார்கள். ஒரு வருஷம் நம் செலவு, மறு வருஷம் அவர்கள் செலவு. அவர்கள் போன பிறகு என் அப்பாவும் ரன்பண்டாவும் நடந்தார்கள். ரன்பண்டாவை நான் ஐயே என்றுதான் கூப்பிடுவேன், சிங்களத்தில் அண்ணன். அவர் என்னை நங்கி என்பார், தங்கச்சி. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். நீ பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு, கலவரத்தில் மாத்தளை டவுனில் கடைகள் எரிந்தபோது, நாங்கள் உடுத்த துணியோடு ஓடினோம். முதலில் முகாம், பிறகு திருச்சியில் சொந்தக்காரர் வீடு. இரண்டு வருஷத்துக்கு மேல் வரவில்லை. வந்தாலும் வீடு இருக்காது என்றுதான் நினைத்தோம். நிறையப் பேருக்கு அப்படித்தான் ஆனது. எரிக்காத வீட்டில் வேறு யாராவது குடியேறியிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தபோது நம் வீட்டில் ஒரு ஓடு உடையவில்லை. அடுப்பில் புகை வந்துகொண்டிருந்தது.

என்ன நடந்தது என்றால், நாங்கள் போன மறுநாளே ரன்பண்டா நடுவேலியைப் பிடுங்கிவிட்டார். ரோட்டுப் பக்கம் அவர் காணியையும் நம் காணியையும் சேர்த்து ஒரே வேலியாக அடைத்தார். அவருடைய அம்மாவை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து இருத்தினார். நம் பக்கத்துக்குள் ஒரு வரிசை முள்முருங்கை நட்டு மிளகுக் கொடி ஏற்றினார், பார்க்கிறவனுக்கு அவர் தோட்டமாகத் தெரியட்டும் என்று. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ் வீடு எது என்று கேட்டு வந்தவர்களிடம், "எங்க தாத்தா வித்தது, நான் திருப்பி வாங்கிட்டேன்" என்று சொன்னார். போயா நாள் தவறாமல் பன்சலைக்குப் போய்ப் புத்தரைக் கும்பிடுகிற மனிதர், வாசலில் நின்று பச்சைப் பொய் சொன்னார். சந்தேகப்பட்டு ஒருவன் அவர் சட்டையைப் பிடித்ததாக அவருடைய அம்மா பிறகு சொன்னார், அவர் சொல்லவில்லை. எல்லோரும் இது என்னுடையது என்று காட்டத்தான் வேலி போடுவார்கள். அவர் இது எங்களுடையது இல்லை என்று காட்ட வேலி போட்டார்.

நாங்கள் வந்த அன்றைக்கே சாவியை அப்பாவின் கையில் வைத்தார். வைக்காமல் இருந்திருக்கலாம் மகன். நம்மிடம் பிளான் இல்லை, கூடைக் கணக்கில் ஒரு உறுதி, அவ்வளவுதான். பத்து வருஷம் ஆண்டு அனுபவித்தால் காணிக்கு உரிமை வந்துவிடும் என்று கந்தோரில் எத்தனை தரம் டைப் அடித்திருக்கிறேன். காணி முழுவதும் அவருடையதாகியிருக்கும். அவரோ, பழைய இடத்திலேயே வேலியை நட்டுத் தருகிறேன், வந்து காட்டுங்கள் என்று அப்பாவைக் கூப்பிட்டார். பழைய இடத்தில் நடுவதென்றால் நம் பக்கத்தில் நிற்கிற மிளகை வெட்ட வேண்டும். கொடி முதல் தரமாகக் காய்த்திருந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "கொடிய வெட்டாதீங்க பண்டா. அந்த வரிசையே வேலியா இருக்கட்டும்" என்றார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். பலா மரத்துக்கும் வேலிக்கும் நடுவில் நீ கண்டுபிடித்த அந்தக் கீற்று அதுதான். அவர் பிடித்தது இல்லை, என் அப்பா மனமாரக் கொடுத்தது. எழுதிக் கொடுக்கவில்லை, வாயால் கொடுத்தார்.

அந்தக் காலத்தைப் பற்றி வீட்டில் பேச வேண்டாம் என்று நானும் உன் அப்பாவும் முடிவு எடுத்திருந்தோம். நீ சிங்களப் பிள்ளைகளோடு ஒன்றாக ஓடி விளையாடி வளர வேண்டும், மனதில் பயம் வரக்கூடாது என்று நினைத்தோம். அப்படித்தான் வளர்ந்தாய், அதற்காக எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கெட்டதை மறைக்கும்போது நல்லதும் சேர்ந்து மறைந்துபோயிற்று. சட்டப்படி பார்த்தாலும் கோர்ட்டில் நீ தோற்பாய். தோற்பாய் என்பதற்காக நிறுத்தாதே. இந்த வீடும், நீ பிறந்த அறையும், நாளைக்கு நீ அத்திவாரம் வெட்டப்போகிற மண்ணும் யாரால் நமக்கு மிஞ்சியது என்று யோசித்துப் பார்த்து நிறுத்து. எனக்கு நினைத்தாலே நெஞ்சு நிறைந்துவிடுகிறது. சர்வேயர் தம்பியிடம் நான் பேசிவிட்டேன், மிளகு வரிசைதான் எல்லை என்று கோடு போடச் சொல்லியிருக்கிறேன். அதற்கு ரன்பண்டா வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். நீ கூப்பிடாமல் அவர் வரமாட்டார்.

இதோடு முடித்திருப்பேன். காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது வேலிப் பக்கம் வெட்டுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் ரன்பண்டா கத்தியும் கையுமாக நிற்கிறார். மூன்று மரத்துக் கொடி கீழே கிடக்கிறது, சரஞ்சரமாகப் பச்சைக் காயோடு.

"ஐயே, என்ன செய்றீங்க?"

"சனிக்கிழமைக்கு முந்தி எடுக்கச் சொன்னாரே, நங்கி, உங்க மஹத்தயா."

நீ பிறந்த நாளிலிருந்து அவர் உன்னைப் புதா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். மகன் என்று. நான் கத்தியைப் பிடித்துக்கொண்டேன்.

"அவனுக்குத் தெரியாது, ஐயே. அப்பா சொன்னத நான் அவனுக்குச் சொல்லவே இல்ல. இன்னைக்கே சொல்லிடுறேன்."

அவர் கத்தியை மெதுவாக என் கையிலிருந்து எடுத்தார். "சொல்ல வேணாம், நங்கி. சொன்னா வெக்கப்படுவான். கல்யாணம் கட்டப்போற புள்ள, அந்த நேரத்துல அப்பிடி ஒரு சுமை எதுக்கு? நாலு கொடிதானே, இத வெட்டிட்டாப் போச்சு." சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார். மூச்சு வாங்கியதால் பாதியில் உட்கார்ந்துவிட்டார். மருமகள் வந்து கூட்டிப்போனாள். நாளைக்குக் காலையில் மறுபடி வருவார்.

என் பேச்சை அவர் கேட்கவில்லை. அதனால் அவர் பேச்சை நானும் கேட்கவில்லை, எல்லாவற்றையும் உனக்கு எழுதிவிட்டேன். இனி அவர் கையைப் பிடித்து நிறுத்த உன்னால்தான் முடியும். இதை வாசித்ததும் முதல் பஸ்ஸில் ஏறு. எனக்குப் போன் போடாதே, வீட்டுக்கும் வராதே, நேரே அவர் முற்றத்துக்குப் போ. உனக்கு வெட்கமாகத்தான் இருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டே வா.

உன் அம்மா